பீட்டர்ஸ்பர்க் கோடைப் பூங்கா: எந்தக் காலத்துத் தோட்டம்?

ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரின் கோடைப் பூங்காவை, அந்நகரை நிறுவிய மன்னர் முதலாம் பீட்டரின் தோட்டம் என்றுதான் வழிகாட்டி நூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. 1704-இல் அவர் அதைத் தொடங்கினார் என்பதும், 1703-இல் பிறந்த அந்த நகரைவிட அது ஒரே ஒரு வயது இளையது என்பதும் உண்மையே. ஆனால் பீட்டர் விரும்பிய வடிவில் அது நிலைத்திருந்த காலம் அதன் மூன்று நூற்றாண்டு வாழ்வில் கால் பங்குக்கும் குறைவு. அவருடைய நீரூற்றுகள் அழிந்து, அளவெடுத்துக் கத்தரிக்கப்பட்டிருந்த மரங்கள் தம் விருப்பம்போல் ஓங்கி வளர்ந்து, அரச குடும்பமும் வேறு அரண்மனைகளை நாடிச் சென்ற பிறகுதான் அது நகரத்தாரின் பூங்காவாக மாறியது. 2009 முதல் 2012 வரை நடந்த பெரும் சீரமைப்பு இந்த இரண்டு தோட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேர்வைப் பற்றிய சச்சரவு இன்னும் ஓய்ந்தபாடில்லை. சச்சரவு புரிய வேண்டுமானால் தோட்டத்தின் கதையைத் தொடக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

வடக்கே நெவா, கிழக்கே ஃபொன்தான்கா, தெற்கே மோய்க்கா, மேற்கே அன்னக் கால்வாய் என நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த ஏறத்தாழ 12 ஹெக்டேர் நிலம் அது. ரஷ்யர்கள் வருவதற்கு முன் அங்கே கோனாவ் என்ற ஸ்வீடன் நாட்டுப் படை அதிகாரியின் பண்ணைவீடும் அதையொட்டி ஒரு சிறு தோட்டமும் இருந்தன. ஸ்வீடனுடனான வடக்குப் போர் 1721 வரை முடியவில்லை. அதாவது, கையில் வந்த நிலம் கையில் நிலைக்குமா என்பதே உறுதியாகாத நாட்களில் பீட்டர் அங்கே பூச்செடி நடத் தொடங்கிவிட்டார். 1704 மார்ச்சில் மாஸ்கோவில் இருந்த ஸ்த்ரேஷ்னெவ் என்ற பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பருவம் தவறுவதற்குள் இஸ்மாயிலொவோ தோட்டத்திலிருந்து எல்லா வகைப் பூச்செடிகளையும், அவற்றிலும் மணமுள்ளவற்றைக் கூடுதலாக, ஒரு தோட்டக்காரருடன் அனுப்பிவைக்கும்படி அதில் கேட்டிருக்கிறார். கோட்டைக்கும் கப்பல் தளத்துக்கும் ஆளையும் மரத்தையும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மன்னரின் கடிதங்களுக்கிடையே மணமுள்ள பூக்களைப் பற்றிய இந்தக் கவலையைக் காணும்போது அவரிடம் கொஞ்சம் பரிவு ஏற்படத்தான் செய்கிறது.

சதுப்பு நிலத்தை மேடாக்கி, கால்வாய் வெட்டி வடிகால் அமைத்து, லிண்டன், எல்ம், ஓக், மேப்பிள் மரங்களைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். டச்சுக்காரரான யான் ரோசன் தோட்டக் கலைஞராகப் பல ஆண்டுகள் உழைத்தார். 1716-இல் வந்து சேர்ந்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெபிளோன் தோட்டத்துக்கு விரிவான வரைபடம் தீட்டினார். ஆனால் 1719-லேயே அவர் இறந்துவிட, மிகயீல் ஸெம்த்ஸொவ் முதலியோர் பணியைத் தொடர்ந்தனர். வடகிழக்கு மூலையில், நெவாவிலிருந்து ஃபொன்தான்கா பிரியும் இடத்தில், தொமேனிகோ திரெஸ்ஸீனி 1710-க்கும் 1714-க்கும் இடையில் கட்டிய இரண்டடுக்கு மாளிகை இன்றும் பெரிய மாற்றமின்றி நிற்கிறது. கீழ்த்தளம் பீட்டருக்கு, மேல்தளம் அவர் மனைவி கேத்தரீனுக்கு. பேரரசர் ஒருவரின் அரண்மனை என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்குச் சிறிய வீடு அது. வடக்குப் போரின் வெற்றிகளை உருவகமாகக் காட்டும் 29 புடைப்புச் சிற்பங்கள் வெளிச்சுவர்களில் பதிக்கப்பட்டுள்ளன. உள்ளே, கூரையின் மேலுள்ள காற்றுத்திசைகாட்டியோடு இணைக்கப்பட்டுக் காற்றின் போக்கைக் காட்டும் கருவி ஒன்றும் இருக்கிறது. அது டிரெஸ்டென் நகரத்தில் செய்யப்பட்டது. வீட்டுக்கு முன்னால் படகுகள் வந்து நிற்பதற்கென்று ஒரு சிறு நீர்த்துறையையும் வெட்டியிருந்தார்கள். அந்நாளில் தோட்டத்துக்கு விருந்தினர்கள் தரைவழியே வருவதில்லை. படகில்தான் வந்து இறங்கினார்கள்.

தோட்டத்தின் உயிர் நீரூற்றுகளில் இருந்தது. நிலமோ தட்டையானது, உயரத்திலிருந்து தானாகப் பாய்ந்து வரும் நீர் அருகில் எங்கும் இல்லை. தொடக்கத்தில் ஆற்று நீரைக் குதிரைகள் இழுக்கும் எந்திரத்தால் இறைத்தார்கள். பின்னர் லண்டனில் தெசாகுலியே என்ற அறிஞர் உருவாக்கிய, நீராவியால் நீரேற்றும் எந்திரம் ஒன்றைப் பீட்டர் இந்தத் தோட்டத்துக்காகவே வரவழைத்தார். அதுவும் போதவில்லை. எனவே 1718-இல் லிகா ஆற்றிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டும் பணி தொடங்கியது. அந்த நீர் தோட்டத்துக்கு எதிர்க்கரையிலிருந்த குளங்களில் தேங்கி, நீர்க்கோபுரங்களின் வழியாக ஆற்றைக் கடந்து நீரூற்றுகளை அடைந்தது. அதுவரை தனிப்பெயர் ஏதுமின்றி ஒரு சிற்றாறாக இருந்த ஃபொன்தான்காவுக்கு இந்த நீரூற்றுகளால்தான் பெயரும் கிடைத்தது. நகரத்தின் நீண்ட சாலைகளில் ஒன்றான லிகோவ்ஸ்கி சாலையும் அந்தக் கால்வாயின் தடத்தில்தான் செல்கிறது. நீரூற்றுகள் அழிந்தபின் கால்வாய்க்கு வேலையில்லாமல் போய், நீர் நாறத் தொடங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதை மூடிச் சாலையாக்கிவிட்டார்கள். ஒரு தோட்டத்தின் அலங்காரத்துக்காகச் செய்த ஏற்பாடு ஒரு நகரத்தின் வரைபடத்திலேயே பதிந்துபோயிருக்கிறது.

பீட்டர் 1717-இல் பிரான்சுக்குச் சென்று வெர்சாய் தோட்டத்தைப் பார்த்துவந்தவர். அங்கே ஈசாப் நீதிக்கதைகளைச் சித்திரிக்கும் 39 நீரூற்றுகளோடு ஒரு சுற்றுவழித் தோட்டம் இருந்தது. அதைப் போன்ற ஒன்றை, அளவில் சிறிதாக, அவரும் அமைத்தார். ஈயத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசிய விலங்குகளின் வாயிலிருந்து நீர் பீய்ச்சியடித்தது. நுழைவில் ஈசாப்பின் சிலை நின்றது. வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கதைகள் தெரியாது என்பதை அறிந்து, ஒவ்வொரு நீரூற்றின் அருகிலும் ஒரு கம்பத்தில் தகடு பொருத்தி, அதில் கதையையும் அதன் பொருளையும் ரஷ்ய மொழியில் எழுதிவைக்கச் செய்தார். உலாவ வந்தவர்களைக்கூட அவர் பாடம் படிக்காமல் விடவில்லை!

சிலைகளுக்கும் இதே நோக்கம் இருந்தது. ரஷ்யத் திருச்சபை மரபில் தனித்து நிற்கும் சிலைகளுக்குப் பெரிய இடமில்லை. ஆடையற்ற தேவதைகளுக்கோ சற்றும் இடமில்லை. அத்தகைய நாட்டில் ரோமப் பேரரசர்களின் மார்பளவுச் சிலைகளையும், கிரேக்கத் தெய்வங்களையும், நீதி, உண்மை, கருணை முதலிய பண்புகளின் உருவங்களையும் பீட்டர் வரிசையாக நிறுத்தினார். வெனிஸ் நகரில் சவ்வா ரகுஸின்ஸ்கியும் ரோமில் யூரி கொலோக்ரிவொவும் அவருடைய முகவர்களாக இருந்து சிலைகளை வாங்கி அனுப்பினர். கொலோக்ரிவொவ் பெற்ற ஒரு பழங்கால வீனஸ் சிலை, போப்பாண்டவரின் ஏற்றுமதித் தடையையும் நீண்ட பேரங்களையும் கடந்து வந்து சேர்ந்தது. அதை நெவா கரையிலிருந்த மண்டபத்தில் நிறுத்தி, யாரும் சேதப்படுத்திவிடாதபடி ஒரு காவலரையும் அருகில் நிற்க வைத்தார்கள். அந்தச் சிலை இன்று ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தோட்டத்துக்கென்றே செய்வித்த சிற்பங்களில் முதன்மையானது பியேத்ரோ பராட்டா செதுக்கிய ‘அமைதியும் வெற்றியும்’. 1721-இல் ஸ்வீடனோடு ஏற்பட்ட நீஸ்டாட் உடன்படிக்கையை அது குறிக்கிறது. அதே தோட்டத்தில் ஸ்வீடன் அரசி கிறிஸ்தினாவுக்கும் மார்பளவுச் சிலை உண்டு என்பது ஒரு வேடிக்கை.

இத்தனை பாடங்களையும் நடத்திய தோட்டத்தில் நடந்த விருந்துகளோ வேறு வகையானவை. ஹோல்ஸ்டைன் கோமகனின் பரிவாரத்தில் வந்த பெர்க்கோல்ட்ஸ் என்பவர் 1721-ஆம் ஆண்டின் விருந்துகளைத் தம் நாட்குறிப்பில் விவரித்திருக்கிறார். காவற்படையினர் தானிய மது நிறைந்த தொட்டிகளைச் சுமந்துகொண்டு தோட்டத்தில் நுழைவார்கள். அதன் வாடை பாதைகளில் முன்கூட்டியே வந்துவிடும். விருந்தினர்கள் நழுவப் பார்ப்பார்கள். ஆனால் வாயில்களில் காவல் இருக்கும், யாரையும் வெளியேவிடக் கூடாது என்பது கட்டளை. மன்னரின் நலம் வேண்டி ஒவ்வொருவரும் குடித்தே ஆக வேண்டும். அந்நாளைய கோடைப் பூங்காவைப் பொதுப் பூங்கா என்று யாராவது எழுதினால், அங்கே நுழைய அழைப்பும் வெளியேற அனுமதியும் வேண்டியிருந்தன என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது.

பீட்டர் 1725-இல் மறைந்தபின் தோட்டம் மேலும் செழித்தது. பேரரசி அன்னாவின் காலத்தில் சிலைகளும் நீரூற்றுகளும் பெருகின. எலிசபெத்தின் காலத்திலோ அரச குடும்பத்தின் கோடைக்காலம் பெரிதும் பீட்டர்கோஃபுக்கும் சார்ஸ்கோயே செலோவுக்கும் இடம்பெயரத் தொடங்கியது. கண்ணியமாக உடுத்தியவர்கள் குறிப்பிட்ட நாட்களில் கோடைப் பூங்காவில் உலாவ அனுமதிக்கப்பட்டனர். எஞ்சியதை 1777 செப்டம்பரில் வந்த பெருவெள்ளம் முடித்துவைத்தது. நெவாவின் நீர் மூன்று மீட்டருக்கு மேல் உயர்ந்தது; புயற்காற்றில் மரங்கள் வேரோடு சாய்ந்தன; சிலைகள் உடைந்தன; நீரூற்றுகளும் அவற்றுக்கு நீர் தந்த அமைப்பும் சிதைந்தன. இரண்டாம் கேத்தரீன் அவற்றை மீண்டும் கட்டவில்லை. இதற்குச் செலவு மட்டும் காரணமன்று. நீரின் இயல்புக்கு மாறாக அதை வதைக்கும் நீரூற்றுகளைத் தாம் வெறுப்பதாக வெள்ளத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே வோல்தேருக்கு எழுதிய கடிதத்தில் அவர் தெரிவித்திருந்தார். ஆங்கிலேயப் பாணியிலான, இயற்கையை ஒத்த தோட்டங்களே அவருக்குப் பிடித்தவை. அவர் விரும்பியிருந்தால் மீட்டிருக்கக்கூடிய ஒன்றை, வெள்ளம் தந்த வாய்ப்பைப் பயன்படுத்திக் கைவிட்டார் என்றே நான் கருதுகிறேன். வீட்டுக்கு முன்னிருந்த நீர்த்துறையும் தூர்க்கப்பட்டது. மரங்களைக் கத்தரிப்பதும் நின்றது. சுவர்போல் வெட்டி நிறுத்தப்பட்டிருந்த லிண்டன் மரங்கள் தலைக்கு மேலே கிளை பரப்பி நிழல் தரத் தொடங்கின.

கேத்தரீன் ஒன்றைக் கொடுக்கவும் செய்தார். நெவாவின் கரையெல்லாம் கருங்கல்லால் கட்டப்பட்டபோது, ஆற்றுக்கும் தோட்டத்துக்கும் நடுவே சாலை வந்தது. படகில் வந்து இறங்கும் பழைய வழி மறைந்தது. திறந்துகிடந்த அந்தப் பக்கத்தை அடைப்பதற்காக யூரி ஃபெல்தெனும் பியோத்தர் யெகோரொவும் வடிவமைத்த கம்பி வேலி 1770-களில் தொடங்கி 1784-இல் முடிந்தது. 36 கருங்கல் தூண்கள், தூண்களுக்கு இடையே தூலா நகரக் கொல்லர்கள் அடித்த, வேல்போல் நிமிர்ந்து நிற்கும் எளிய இரும்புக் கம்பிகள், ஆங்காங்கே பொன்பூச்சு. இந்த வேலியைப் பார்ப்பதற்காகவே ஓர் ஆங்கிலேயர் தம் கப்பலில் வந்து, கரையிறங்காமல் பார்த்துவிட்டு, இனி வேறெதையும் காண வேண்டியதில்லை என்று திரும்பிப் போனதாக நகரத்தில் ஒரு கதை உலவுகிறது. கதை பொய்யாகவே இருக்கலாம். வேலியின் முன் நின்றால் அந்த ஆங்கிலேயர்மீது குற்றம் சொல்லத் தோன்றாது. நீரூற்றுத் தோட்டத்தின் காலத்தைச் சேராத இந்த வேலிதான் இன்று அத்தோட்டத்தின் அடையாளம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது முழுக்க முழுக்க உலாவும் பூங்கா. பழைய குகை மண்டபத்தை 1826-இல் கார்லோ ரோஸ்ஸி காபி விடுதியாக மாற்றினார். அடுத்த ஆண்டே மரத்தாலான தேநீர் விடுதி ஒன்றும் எழுந்தது. நுழைவில் உடைக் கட்டுப்பாடு இருந்ததால் உழைக்கும் எளியவர்கள் அப்போதும் வெளியேதான் நின்றார்கள். பெந்தெகொஸ்தே திருநாளுக்கு மறுநாள் வணிகக் குடும்பத்தார் தம் மகள்களைப் பட்டும் நகையுமாக அலங்கரித்து மரச்சாலையின் ஓரமாக நிறுத்துவதும், மாப்பிள்ளைகளும் தரகர்களும் நடந்துபோய்ப் பார்ப்பதும் ஒரு வழக்கமாகவே இருந்தன. அருகிலேயே குடியிருந்த புஷ்கின் 1834-இல் தம் மனைவிக்கு எழுதிய கடிதமொன்றில், கோடைப் பூங்கா தம் வீட்டுக் கொல்லைதான் என்றும், தூங்கி எழுந்ததும் வீட்டங்கியோடும் செருப்போடும் அங்கே போய்விடுவதாகவும், சாப்பிட்டபின் அங்கேயே உறங்கி, படித்து, எழுதுவதாகவும் சொல்கிறார். நூறு ஆண்டுக்கு முன் காவற்படையினர் மதுத்தொட்டியோடு காவல் நின்ற இடத்தில் ஒரு கவிஞர் வீட்டங்கியோடு தூங்குகிறார் என்பதைவிட அந்தத் தோட்டத்தின் மாற்றத்துக்குத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. 1855-இல் நீதிக்கதைக் கவிஞர் இவான் கிரிலொவுக்கு, மக்களிடம் திரட்டிய பணத்தில், பியோத்தர் க்ளோட் வார்த்த வெண்கலச் சிலை அங்கே நிறுவப்பட்டது. பீடத்தைச் சுற்றிலும் நரி, குரங்கு, கரடி, ஓநாய் என அவருடைய கதை மாந்தர்கள். மறைந்துபோன ஈசாப் விலங்குகளுக்குப் பதிலாக வந்து சேர்ந்ததைப் போன்ற இந்தச் சிலையின் அருகே தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் விளையாடி வந்திருக்கிறார்கள்.

1866 ஏப்ரல் 4 அன்று, அந்தப் புகழ்பெற்ற வேலியின் வாயிலில், உலாவிவிட்டு வண்டியேற வந்த பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரை நோக்கி திமீத்ரி கரகோஸொவ் என்ற இளைஞர் சுட்டார். குறி தவறியது. கூட்டத்தில் நின்ற ஒஸிப் கமிஸாரொவ் என்ற தொப்பித் தொழிலாளி சுட்டவரின் கையைத் தட்டிவிட்டதாகக் கூறி, அந்தத் தொழிலாளியைப் பிரபுவாக உயர்த்தினார்கள். உண்மையில் அவர் தட்டினாரா என்பதை வரலாற்றாசிரியர்கள் பலர் ஐயுறுகின்றனர். கரகோஸொவ் அதே ஆண்டில் தூக்கிலிடப்பட்டார். சுட்ட இடத்தில், வேலியின் நடு வாயிலை அகற்றி, ‘நான் அபிஷேகம் செய்தவரைத் தொடாதே’ என்னும் பொருள்பட்ட வேத வாசகம் பொறித்த சிறு வழிபாட்டு மண்டபம் ஒன்றைக் கட்டினார்கள். வேலியின் அழகை அது குலைத்தது என்று அன்றே குறைகூறியவர்கள் உண்டு. 1930-இல் சோவியத் அரசு அதை இடித்து, வேலியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது.

புரட்சிக்குப் பின் உடைக் கட்டுப்பாடு ஒழிந்தது. எல்லோருக்கும் திறந்த பூங்கா என்ற பெயர் அப்போதுதான் முழுமையாகப் பொருந்தியது. 1924 செப்டம்பர் வெள்ளம் நூற்றுக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 1941-இல் ஜெர்மானியப் படைகள் நகரை முற்றுகையிட்டபோது சிலைகளைப் பீடங்களிலிருந்து இறக்கித் தோட்டத்து மண்ணிலேயே குழிதோண்டிப் புதைத்தார்கள். புல்தரைகளில் உணவுக்காகக் காய்கறி பயிரிட்டார்கள். விறகில்லாமல் தட்டுமுட்டுச் சாமான்களையும் புத்தகங்களையும் எரித்துக் குளிர்காய்ந்த அந்த ஆண்டுகளிலும் இந்தத் தோட்டத்தின் மரங்களை மக்கள் வெட்டவில்லை என்று நகரத்தார் பெருமையோடு சொல்வது வழக்கம். போர் முடிந்தபின் சிலைகள் மீண்டும் பீடமேறின. 1970-களில் நடந்த அகழாய்வில் மண்ணுக்கடியில் பீட்டர் காலத்து நீரூற்றுகளின் அடித்தளங்கள் கண்டெடுக்கப்பட்டன. பழைய தோட்டத்தை மீட்க முடியும் என்ற எண்ணத்துக்கு வலுவான ஆதாரம் அங்கிருந்துதான் கிடைத்தது.

தோட்டம் 2004-இல் ரஷ்ய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் வந்தது. 2009-இல் மூடப்பட்டு, 2012 மே மாதத்தில் திறக்கப்பட்டபோது எட்டு நீரூற்றுகளும், மரச் சட்டங்களும் பசுமைச் சுவர்களும் சூழ்ந்த அறைகள் போன்ற தோட்டப் பகுதிகளும் புதிதாக எழுந்திருந்தன. வெயிலிலும் பனியிலும் அரித்துக்கொண்டிருந்த பளிங்குச் சிலைகள், மோய்க்காவுக்கு அப்பாலுள்ள மிகயீலொவ்ஸ்கி கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவற்றின் இடத்தில் செயற்கைப் பளிங்கில் வார்த்த நகல்கள் வைக்கப்பட்டன. தோட்டம் புதுப்பொலிவு பெற்றதென்று ஒரு சாரார் மகிழ்ந்தனர். பழைய மரங்களின் நடுவே தோட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கண் செல்லும் அந்தத் திறந்த வெளி போய்விட்டதென்றும், வந்திருப்பது பதினெட்டாம் நூற்றாண்டின் தோட்டமன்று, இருபத்தோராம் நூற்றாண்டின் அரங்க அமைப்பு என்றும் மறு சாரார் கொதித்தனர்.

என் கருத்து பெரும்பாலும் இரண்டாவது சாராரின் பக்கமே. வரலாற்றுத் தோட்டங்களைப் பேணுவது குறித்து 1981-இல் உருவான ஃபுளோரன்ஸ் சாசனம், ஒரு தோட்டத்தின் வளர்ச்சிப் படிகள் அனைத்தையும் மதிக்க வேண்டும், எந்த ஒரு காலத்துக்கும் மற்றவற்றைவிட முதலிடம் தரக் கூடாது என்பதைக் கொள்கையாக வைக்கிறது. கோடைப் பூங்காவில் நீரூற்றுகள் ஓடியது ஏறத்தாழ 70 ஆண்டுகள். அவை இல்லாமல் நிழல் பூங்காவாக இருந்தது 230 ஆண்டுகளுக்கும் மேல். வேலி, கிரிலொவ் சிலை, காபி விடுதி, தேநீர் விடுதி எல்லாம் இந்த இரண்டாவது காலத்தைச் சேர்ந்தவை. பீட்டரின் பசுமைச் சுவர்களும் ரோஸ்ஸியின் காபி விடுதியும் ஒரே தோட்டத்தில் சேர்ந்து நின்ற காலம் வரலாற்றில் எப்போதுமே இருந்ததில்லை. 1777-க்குப் பின் வந்தவர்கள் மன்னரின் தோட்டத்தைக் கெடுக்கவில்லை; அதற்கு வேறொரு வாழ்வைக் கொடுத்தார்கள். சீரமைப்பு அந்த வாழ்வை ஓரிடைவேளையாகவே மதித்திருக்கிறது.

ஆனாலும் சிலைகளை உள்ளே கொண்டுசென்ற முடிவை நான் எதிர்க்க மாட்டேன். குளிர்காலம்தோறும் மரப்பெட்டிகளால் மூடி வைத்தும், மென்மையான இத்தாலியப் பளிங்கு அந்த ஈரக் காற்றில் ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டுதான் இருந்தது. ஜொவான்னி பொனாட்ஸா செதுக்கிய ‘இரவு’ என்னும் பெண்ணுருவத்தை, காலடியில் ஆந்தையும், தலையில் கசகசாப் பூ மாலையும், உடலில் விண்மீன் பதித்த ஆடையுமாக அருகில் நின்று பார்க்க வேண்டுமானால் கோட்டைக்குத்தான் போக வேண்டும். போகிறவர்கள் ஏப்ரல் மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். பனி உருகிச் சேறாகும் அந்த வாரங்களில், மண் உலர்வதற்காக ஆண்டுதோறும் தோட்டத்தை மூடிவிடுகிறார்கள்; மே மாதம் பிறக்கும்போதுதான் வாயில் திறக்கும்.